இல்லாத மாமரத்துக்கு 2,500 ரூபா: கொழும்பில் ஒரு காலை நடை

கொழும்பு என்ற பெயர் ஒரு மாமரத்திலிருந்து வந்தது என்ற கதையைச் சிறுவயதில் கேட்காதவர்கள் இந்த நகரத்தில் குறைவு. துறைக்கு அருகே ஓங்கி வளர்ந்திருந்த அந்த மரம் இலைகளை மட்டுமே தந்தது, ஒரு பிஞ்சுகூடப் பிடித்ததில்லை, ஆகவே சிங்களத்தில் இலையைக் குறிக்கும் 'கொல' என்ற சொல்லும் மாவைக் குறிக்கும் 'அம்ப' என்ற சொல்லும் சேர்ந்து ஊருக்குப் பெயராயின என்பது கதையின் சுருக்கம். மரம் இன்று இல்லை. அந்த மரத்தையே மையமாக வைத்து மூன்று மணி நேர நடை ஒன்றைத் தமிழில் நடத்துகிறார்கள், ஆளுக்கு 2,500 ரூபா வாங்குகிறார்கள் என்று என் மைத்துனி சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வெறுங்கையை மூடிக்காட்டிக் காசு வாங்கும் வித்தையாக இருக்கும் என்று நினைத்தேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை அவளுடைய வற்புறுத்தலால் போய் வந்தேன். வித்தை இல்லை என்பதையும், குறையே இல்லாத வேலையும் அல்ல என்பதையும் விளக்கமாகச் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

நடத்துபவர்கள் வெள்ளவத்தையைச் சேர்ந்த ஒரு சிறு குழுவினர். அவர்களுக்கு விளம்பரமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. வட்ஸ்அப்பில் பதிவு செய்ய வேண்டும், அந்த இலக்கமும் போய் வந்தவர்கள் வாய்வழியாகவே கைமாறுகிறது. சில குறைகளையும் நான் எழுதப் போவதால் அவர்களைப் பெயர் சுட்டாமல் விடுகிறேன். காலை ஆறரை மணிக்குக் கோட்டைப் புகையிரத நிலையத்தின் முன்னால், ஒல்கொட் சிலையடியில் கூடச் சொன்னார்கள். பதினான்கு பேர் வந்திருந்தோம்: கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஹட்டனிலிருந்து வந்து மருதானையில் தங்கி வேலை செய்யும் இரண்டு இளைஞர்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு தம்பதி, எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா, மற்றவர்கள் எங்களைப் போன்றவர்கள். வழிகாட்டி முப்பது வயதுக்கு உட்பட்ட இளைஞர். நல்ல குரல், நல்ல நினைவாற்றல், வேகமான நடை. அந்தக் கடைசிக் குணம் அந்த அம்மாவுக்கு உகந்ததாக இருக்கவில்லை.

முதல் அரை மணி நேரத்தைக் கோட்டைப் பகுதியில் செலவிட்டோம். 1857இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம், அது பின்னர் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்ட கதை, கடைகளாக மாறிய ஒல்லாந்தர் மருத்துவமனை ஆகியவை எல்லாச் சுற்றுலாக்காரர்களும் சொல்வன, இவரும் சொன்னார். அவற்றை நான் இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. நடையின் உயிர் தொடங்கியது, ஒரு கட்டடத்தின் நிழலில் எங்களை வட்டமாக நிறுத்தி, தோளில் தொங்கிய துணிப்பையிலிருந்து ஆளுக்கொரு மாவிலையை எடுத்து அவர் கையில் தந்தபோதுதான். பழுத்த இலையும் அல்ல, தளிரும் அல்ல, நடுப்பருவத்து இலை. நடுநரம்பை ஒட்டி மடித்துக் கசக்கி முகரச் சொன்னார். பச்சை மாங்காயைக் கத்தியால் கீறும்போது காம்படியில் கசியும் பாலின் வாசம் அந்த இலையிலும் இருந்தது. காய் இல்லாத மரத்திலும் காயின் வாசம் இலையில் உண்டு என்றார் அவர். எழுதி வைத்து மனப்பாடம் செய்த வசனம் என்று தெரிந்தாலும், கையில் இலை இருந்ததால் அது எடுபட்டது. 'கொல' என்ற சொல்லைக் கேட்டதும் கொட்டாஞ்சேனைக் குடும்பத்துச் சிறுவன் "யாரைக் கொல்ல?" என்று கேட்டான். சிங்களச் சொல் தமிழ்க் காதில் விழும் விதத்தை விளக்க அதைவிட நல்ல தருணம் கிடைக்காது. வழிகாட்டி அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு மொழிகளையும் ஒப்பிட்டுப் பேசிய ஐந்து நிமிடங்கள் மிக நன்றாக இருந்தன.

கதைக்கு எழுத்து வடிவம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னார், அது பாராட்டுக்குரியது. 1660இல் கண்டி அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டு ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டில் சிறையிருந்த ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட தன் நூலில் இந்த மாமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே வளர்ந்த மரம் காய்க்காமல் இலை மட்டும் விட்டதால் அதைக் 'கொலம்போ' என்று அழைத்தார்கள், பின்னர் கிறிஸ்தவர்கள் கொலம்பஸின் நினைவாக அதைச் சற்றே மாற்றிக்கொண்டார்கள் என்பது அவர் கூற்று. வழிகாட்டி இதைச் சொன்ன தொனி, மரத்தை நேரில் பார்த்தவரின் சாட்சியத்தை முன்வைப்பது போல இருந்தது. அங்கேதான் எனக்குச் சற்று உறுத்தியது. நொக்ஸ் பிடிபட்டது கிழக்கே கொட்டியாரக் குடாவில். வாழ்ந்தது கண்டி இராச்சியத்துக் கிராமங்களில். கொழும்பு அப்போது ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1679இல் மன்னாரை அடுத்த அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்ற பின்னரே அவர் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டார். ஆகவே அவர் எழுதியது கண்ட காட்சியைவிடக் கேள்விப்பட்ட கதையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த வேறுபாட்டை ஒரு வசனத்தில் சொல்லியிருந்தால் கதையின் சுவை குறைந்திருக்காது. சிறைப்பட்ட ஒருவர் தான் அப்போது பார்த்திராத துறைமுகத்தின் மரத்தைப் பற்றி மலைக் கிராமத்தில் இருந்து கேட்டிருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு அது இன்னும் சுவையாகவே படுகிறது.

கொலம்பஸ் விடயத்தில் அவர் செய்தது பிழையேதான். கொலம்பஸின் பெயரையொட்டிப் போர்த்துக்கேயரே ஊருக்குப் பெயர் வைத்தார்கள் என்று உறுதியாகச் சொன்னார். மொரோக்கோப் பயணி இப்னு பதூதா 1344இல் இங்கே வந்தபோதே 'கலன்பு' என்று பெயர் குறித்து, இத்தீவின் அழகிய பெரிய நகரங்களில் ஒன்று என்றும் எழுதியிருக்கிறார். அப்போது கொலம்பஸ் பிறக்க இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தன; போர்த்துக்கேயர் இக்கரையில் காலடி வைத்தது 1505இல். எழுத்துக்கூட்டலில் போர்த்துக்கேயரின் கை பட்டிருக்கலாம், பெயர் அவர்களுடையது அல்ல. நான் இதை மெதுவாகச் சொன்னபோது அவர் முகம் சுளிக்காமல் கைபேசியில் குறித்துக்கொண்டார். ஒரு வழிகாட்டியிடம் அறிவைவிட அந்தக் குணத்தை நான் அதிகம் மதிக்கிறேன், ஆனாலும் காசு வாங்கிக்கொண்டு சொல்லும் தகவலை முன்கூட்டியே சரிபார்த்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

மாமரக் கதைக்கு வெளியே வேறு விளக்கங்களும் உண்டு. பழஞ்சிங்களத்தில் 'கொளம்ப' என்றாலே துறை என்று பொருள் என்பர் சிலர். களனி கங்கைத் துறையோடு பெயரைத் தொடர்புபடுத்துவோர் வேறு சிலர். வழிகாட்டி இவற்றைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால் மரம் சாய்ந்துவிடும் என்று அஞ்சினாரோ என்னவோ. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் தமிழாசிரியர். கொழுமை, கொழுந்து என்ற சொற்களை எடுத்துக்காட்டி, இலைதான் பெயருக்குக் காரணம் என்றால் 'கொழுந்து' என்ற தமிழ்ச் சொல்லே போதுமே, சிங்களத்துக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டார். ஹட்டன் இளைஞர்களில் ஒருவர் உடனே, "சேர், எங்கட பக்கம் கொழுந்துன்னா தேயிலை மட்டுந்தான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆசிரியரின் விளக்கம் காதுக்கு இனிமையானதுதான்; ஆனால் பெயரைக் கேட்டுவிட்டுக் காரணத்தைத் தேடும் வேலையில் நொக்ஸுக்குக் கதை சொன்னவர்களும் அவரும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவர்கள் என்பது என் எண்ணம். அதை அவரிடம் சொல்லவில்லை, வயதுக்கு மரியாதை.

மா ஏன் காய்க்காமல் இருக்கும் என்று ஒருவர் கேட்டதற்கு வழிகாட்டி, யாரோ ஒருவரின் சாபம் என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார். அது தேவையற்றது, ஏனெனில் உண்மையான காரணமே போதிய சுவையுள்ளது. மாமரம் பூப்பதற்கு மழை ஓய்ந்த ஓர் இடைவெளி வேண்டும். அந்த வறட்சியில்தான் கிளை நுனிகள் இலை விடுவதை நிறுத்திப் பூங்கொத்தாக மாறுகின்றன. ஆண்டு முழுவதும் ஈரம் குறையாத தென்மேற்குக் கரையில் மரம் மீண்டும் மீண்டும் தளிர் விட்டுக்கொண்டே இருக்க வாய்ப்பு அதிகம். பூத்தாலும் மழை பட்டுப் பூ கருகி உதிரும். கொட்டையிலிருந்து முளைத்த மரம் முதல் காய்ப்புக்குப் பல ஆண்டுகள் எடுக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஒரு தலைமுறை மக்கள் இலையை மட்டுமே பார்த்த மரம் ஒன்று துறைக்கு அருகே நின்றிருப்பது நடக்க முடியாத காரியம் அல்ல. கொழும்பு வீட்டு முற்றங்களில் காய்க்கும் மாக்கள் எத்தனையோ உண்டு என்பது வேறு விடயம். என் வீட்டு மரம் ஒரு வருடம் காய்த்தால் மறுவருடம் முரண்டு பிடிக்கும்.

இங்கே என் மைத்துனி கேட்ட கேள்விதான் அந்தக் காலைப்பொழுதின் சிறந்த கேள்வி. அவள் பிறந்தது யாழ்ப்பாணம். "காய்க்காத மரத்தால் பெயர் வந்த ஊர் எண்டு சொல்லுறீங்கள், பிறகு எங்கட ஆக நல்ல மாம்பழத்துக்கு ஏன் கறுத்தக் கொழும்பான் எண்டு பேர்?" என்று கேட்டாள். பழுத்தாலும் தோலில் கரும்பச்சை மிச்சமிருக்கும், உள்ளே செம்மஞ்சள் சதை நிறைந்த அந்தப் பழத்தை அறியாத ஈழத்தமிழர் இல்லை. அதற்கு வெள்ளைக் கொழும்பான் என்று ஓர் உடன்பிறப்பும் உண்டு. மழை குறைந்த வடக்கின் மண்ணில் செழித்துக் காய்க்கும் இந்தப் பழம், காய்க்காத மரத்தின் ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டு அந்த ஊரின் சந்தைக்கே பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. வழிகாட்டியிடம் பதில் இருக்கவில்லை. பதில் இல்லாததில் தவறில்லை, ஆனால் தமிழர்களுக்கென்று தமிழில் நடத்தும் மாமர நடையில் கறுத்தக் கொழும்பான் ஒரு வார்த்தையாகக்கூட இடம்பெறாமல் இருந்தது பெரிய விடுபாடு. கனடாத் தம்பதியர் அதற்குப் பிறகு பத்து நிமிடம் மாம்பழத்தைப் பற்றியே பேசினார்கள். அங்கே கிடைக்கும் மெக்சிக்கோப் பழங்களைப் பற்றி அவர்கள் சொன்னதை இங்கே எழுதினால் இரண்டு நாடுகளுக்கிடையே மனஸ்தாபம் வரும்.

புறக்கோட்டைக்குள் நுழைந்த பிறகு நடை சற்றுத் தளர்ந்தது. கான் மணிக்கூண்டு, பிரதான வீதி, சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் எல்லாவற்றையும் கடந்தோம். எல்லாவற்றிலும் படம் எடுக்க நின்றோம். மரத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. மூலிகைக் கடைகள் வரிசையாக இருக்கும் கேபோஸ் ஒழுங்கையில் மீண்டும் பொருளுக்கு வந்தோம். அப்போதுதான் கதவு திறந்த ஒரு கடையில், சாக்கு வாயை மடித்துவிட்டுக்கொண்டிருந்த முதியவர், சுக்கு, திப்பிலி, நன்னாரிவேர் ஆகியவற்றுக்கிடையே காய்ந்த மாங்கொட்டைப் பருப்பை எடுத்துக் காட்டினார். வெளிறிய, இரு பிளவாகப் பிரியும், கையில் எடுத்தால் பழைய மரப்பொம்மையின் துண்டு போலத் தோன்றும் பொருள். வயிற்றுப்போக்குக்கு அரைத்து மோரில் கொடுப்பார்கள் என்றார். நாக்கில் ஒரு துணுக்கை வைத்துப் பார்த்தேன். துவர்ப்பு அடித்தொண்டை வரை இறங்கி அரை மணி நேரம் போகவில்லை. இது திட்டமிட்ட நிறுத்தமா, தற்செயலா என்று கேட்டேன். கடைக்காரர் ஒவ்வொரு சனிக்கிழமையும் காத்திருப்பாராம், காசு எதுவும் வாங்குவதில்லையாம். ஆனால் நாங்கள் எல்லோரும் ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டுதான் வெளியேறினோம். முதியவருக்கு வியாபாரம் தெரிகிறது.

செட்டியார் தெருவில் நகைக்கடைகள் ஒன்றொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. கதிரேசன் கோவில் வாசலில், புதிதாகக் கட்டிய தோரணத்தின் கீழ் வழிகாட்டி நின்று, ஆடிவேல் விழாவுக்கு இங்கிருந்து தேர் புறப்பட்டுப் பம்பலப்பிட்டி செல்வதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அதுவரை மூன்று வார்த்தைகூடப் பேசியிராத அந்த முதிய அம்மா கையை உயர்த்தி இடைமறித்தார். "தம்பி, காலையில இருந்து அந்த மரத்தை மலடு, மலடு எண்டு சொல்லிக்கொண்டு வாறீர். இதைப் பாரும்" என்று தோரணத்தைக் காட்டினார். குருத்தோலைக்கு இடையிடையே மாவிலை. உள்ளே தெரிந்த கும்பத்தின் வாயைச் சுற்றி மாவிலை. கல்யாண வீட்டு வாசலில் மாவிலை, பொங்கல் பானையடியில் மாவிலை, நிறைகுடத்துத் தேங்காய்க்குக் கீழே ஐந்து மாவிலை. தன் வீட்டுக்கு அருகே மரமில்லாததால் பொங்கலுக்கு முதல்நாள் கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஒரு கட்டு மாவிலையைக் காசு கொடுத்து வாங்குவதாகவும், இலை மட்டும் விடும் மரம் ஒன்று பக்கத்தில் இருந்தால் அந்தச் செலவு மிச்சம் என்றும் சொன்னார். காய்க்கிற மரத்தில் இலை பறித்தால் வீட்டுக்காரர் திட்டுவார்களாம், காய்க்காத மரத்தில் யாரும் திட்ட மாட்டார்களாம்.

வழிகாட்டி சிறிது நேரம் பேசாமல் நின்றார். நானும் நின்றேன். நொக்ஸ் காலத்திலிருந்து இன்று வரை எல்லோரும் அந்த மரத்தைப் பழம் தராத மரமாகத்தான் பார்த்தார்கள். அதன் பெயரில் இருப்பதோ பழம் அல்ல, இலை. ஊர்க்காரர்கள் இல்லாததைச் சொல்லிக் குறைப்பட்டார்களா, இருந்ததைச் சொல்லி அழைத்தார்களா என்ற கேள்வியை ஒரு கும்பத்தைக் காட்டி எழுப்பிவிட்டார் அந்த அம்மா. இந்த நடைக்கு அவரை நிரந்தரமாகச் சம்பளத்துக்கு அமர்த்தலாம் என்று என் மைத்துனி என் காதில் சொன்னாள்.

இறுதி நிறுத்தம் ஊல்வெண்டால் தேவாலயம். 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த ஒல்லாந்தர் கட்டடம். தடித்த சுவர்களுக்குள் அந்த வெயிலிலும் குளிர்ச்சி இருந்தது. ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள்படும் பெயர் அது, இத்தீவிலோ ஓநாய் இல்லை. நரிகளைக் கண்டு வைத்த பெயர் என்பார்கள். இதை வழிகாட்டி மாமரத்தோடு இணைத்து, இல்லாத ஒன்றின் பெயரைத் தாங்கும் இடங்கள் கொழும்பில் எத்தனை என்று எண்ணச் சொன்னார். கறுவா மரம் இல்லாத கறுவாத்தோட்டத்தை முதலில் சொன்னவன் அந்தக் கொட்டாஞ்சேனைச் சிறுவன்.

இனிக் குறைகள். தமிழ் நடை என்று சொல்லிவிட்டு, கனடாத் தம்பதியரின் பிள்ளைத்தனமான தமிழுக்காக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஆங்கிலத்தில் நடத்தினார்கள். அவர்களே தமிழில் கேட்க விரும்பியதால் அது இரட்டிப்பு வீண். பிரதான வீதியில் கைவண்டிக்காரர்கள் கூவும் சத்தத்தில் பின்வரிசைக்கு எதுவும் கேட்கவில்லை. மூன்று மணி நேரத்தில் கழிப்பறைக்குச் செல்ல ஓர் ஏற்பாடும் இல்லை, அமர ஓர் இடமும் இல்லை. வயதானவர்களை வரச் சொல்லும்போது இதை முன்கூட்டியே சொல்வது கடமை. தண்ணீர்ப் போத்தல் தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை. கேட்டபோது அடுத்த நிறுத்தத்தில் என்றார்கள், அடுத்த நிறுத்தம் முடிவாகவே இருந்தது. மிக மோசமானது, அந்த மரத்தின் 'பழைய படம்' என்று பிளாஸ்ரிக் உறையில் வைத்து அவர் சுற்றிக் காட்டிய ஒரு வண்ணப்படம். எந்த நூற்றாண்டு ஓவியர் வரைந்தது என்று கேட்டதற்கு, கணினியில் தாங்களே உருவாக்கியது என்று ஒப்புக்கொண்டார். அந்த மரத்தில் பழங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

இருந்தும் 2,500 ரூபாவை நான் நட்டமாக எண்ணவில்லை. கோட்டைப் பகுதியின் கட்டடங்களை மட்டும் பார்க்க விரும்புபவர்கள் காசு கொடுக்காமல் தாங்களாகவே நடந்து பார்க்கலாம். ஊர்ப் பெயர்களிலும் மரங்களிலும் ஆர்வமுள்ளவர்கள், குறிப்பாகப் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ளவர்கள் போகலாம். இரண்டு நாட்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். சனிக்கிழமைகளில் மட்டும் நடக்கிறது. தண்ணீர், குடை, தடித்த செருப்பு மூன்றும் கட்டாயம். கோவிலுக்குள் செல்ல விரும்பினால் உடையையும் அதற்கேற்பப் பார்த்துக்கொள்ளுங்கள். குழுவில் பேசக்கூடிய முதியவர் ஒருவராவது இருக்கும்படி பார்த்துக்கொண்டால் நல்லது; அது காசுக்குக் கிடைக்காது.

நடை முடிந்ததும் தேவாலயத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் மாங்காய் அச்சாறு வாங்கினோம். உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, கடதாசிச் சுருளில் தந்தார். அந்த அம்மா வாங்கவில்லை, பல் கூசுமாம். காலையில் வழிகாட்டி எல்லோர் கையிலும் தந்த இலைகளில் எங்கள் இலைகள் எப்போதோ கசங்கி எங்கோ விழுந்திருந்தன. அந்த அம்மா தன்னுடையதை மட்டும் கசக்கவே இல்லை. கைப்பையிலிருந்து எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, வெள்ளிக்கிழமைக் கும்பத்துக்கு ஆகும் என்று திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் ஏறினார்.